ஆறு பக்கம்

மூன்று இசைத்தட்டு, ஆறு பக்கம்.
க்ளியோஃபஸ் டார்வர் என்பவன் இவ்வளவுதான்.
லேபிளில் டார்பர் என்று அச்சாகியிருக்கிறது.
திருத்தச் சொல்லி அவன் எழுதவில்லை.
எழுதியிருந்தாலும் யாருக்கு?

ஈஸ்ட் செயின்ட் லூயிஸ்,
இறைச்சி ஆலையின் நிலவறை.
உரித்த தோலை விரித்து
உப்பை வாரி இறைக்கிற வேலை, வாரத்துக்கு ஆறு நாள்.
விரல் வெடிப்பில் உப்பு ஏறும்.
அந்த விரலோடு சனிக்கிழமை ராத்திரி
தண்டவாளத்துக்குப் பின்னால் கள்ளச் சாராயக் கடை.
அங்கே இருந்த பியானோவில்
நான்கு கட்டை பேசாது.
பேசாத கட்டைகளைச் சுற்றிக்கொண்டு போக
கை பழகிவிட்டது.
பிறகு எல்லாக் கட்டையும் பேசுகிற பியானோ கிடைத்தபோதும்
அந்த நான்கையும் தாண்டியே நடந்தது.
அது அவனுடைய பாணி என்று
பின்னால் வந்தவர்கள் எழுதினார்கள்.

1929 நவம்பர், சிகாகோ.
காலைத் தட்டாதே என்றார்கள்.
தட்டாமல் வராது என்றான்.
ஷூவைக் கழற்றச் சொல்லி
பாதத்துக்கு அடியில் தலையணை வைத்தார்கள்.
இரண்டாம் பக்கத்தில் கேட்கலாம்:
பாட்டுக்குக் கீழ்வீட்டில் யாரோ
மெத்தையைத் தட்டிப் போடுகிறார்கள்.

மூன்று நிமிடம் நெருங்கினால் சிவப்பு விளக்கு எரியும்.
ஆறு கடந்து போகிறவளைப் பற்றிய பாட்டில்
அவள் இன்னும் படகிலேயே நிற்கிறாள்.
கரையேற்றப் பத்து விநாடி போதவில்லை.

பக்கத்துக்குப் பத்து டாலர்.
ரயில், அறை, ஒரு பாட்டில் விஸ்கி
எல்லாம் கழித்துக் கையில் நாற்பத்தொன்று.
வெர்டெல்லுக்கு மேல்வரிசைப் பல் கட்டினான்.
பல் பொருந்தவில்லை.
தேவாலயத்துக்கு மாட்டிக்கொள்வாள்,
சாப்பிடும்போது கழற்றி
மடியில் வைத்துக்கொள்வாள்.

செம்பு அச்சுகளைப் போர்க்காலத்தில்
எடைக்குப் போட்டார்கள்.
அவன் 1958 வரைக்கும் இருந்தான்.
இறப்புச் சான்றிதழில் தொழில் என்ற கட்டத்தில்
உப்புக்காரன்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம்,
செயின்ட் லூயிஸில் ஒரு வாடகை வீட்டின் கீழறையில்
நான் தட்டுகளைக் கழுவுகிறேன்.
ஊசியின் பருமன் பார்த்துக் கணினிக்குள் இறக்குகிறேன்.
தட்டு என்பது அரக்கு.
ஏதோ ஒரு பலாச மரக்கிளையில் பூச்சி கக்கி,
கல்கத்தாவில் கப்பலேறி வந்தது.
விசா இல்லாமல் வந்த சொந்தக்காரன்.
அரக்கு என்றாலே நமக்கு
எரியப்போகிற வீடு.

1917 ஜூலையில் அவனுக்குப் பதினொரு வயது.
வெள்ளைக்காரக் கும்பல் தெருவைக் கொளுத்திய ராத்திரி.
எதிர்வீட்டில் பியானோ எரிந்திருக்கும்.
கண்ணைப் பொத்திய அம்மாவுக்குக்
காதைப் பொத்த இன்னொரு கை இல்லை.
கம்பிகள் அறுந்திருக்கும்,
மெல்லியவை முதலில்.
பாலம் தாண்டும்வரை
தடித்த ஒன்று மட்டும் தாக்குப்பிடித்திருக்கும்.

இதற்கு ஏட்டில் ஆதாரம் இல்லை.
ஐந்தாம் பக்கத்தைக் கேட்டுவிட்டு நானாகச் சொல்வது.
மூன்றாம் தட்டின் விளிம்பில்
எலி கடித்தமாதிரி ஒரு சில்லு போயிருக்கிறது;
ஊசியை உள்ளே தள்ளித்தான் வைக்கவேண்டும்.
பாட்டு நடுவிலிருந்து பிறக்கிறது.
வலக்கை மேலேறி ஒவ்வொரு சுரமாய் உதிர்க்கிறது.
உதிர்த்து முடித்த பிறகும்
இடக்கை தனியாக
பதினாறு அடி நடக்கிறது.
நான் நான்குமுறை எண்ணினேன்.
ஒருமுறை பதினேழு வந்தது.

ஆறாம் பக்கத்தில் குரல் கிடையாது, வாசிப்பு மட்டும்.
முடியப்போகும் நேரத்தில்
அந்த நான்கு கட்டைகளில் ஒன்றைத் தொடுகிறான்.
கை தவறியதோ,
வேண்டுமென்றோ.
அது பேசிவிடுகிறது.

தலையணை சத்தம் நிற்கிறது.
கையும் நிற்கிறது.

விளக்கு எரிந்திருக்கும்.