ஊறுகாய்க்கு

திருப்பாதிரிப்புலியூரில் புலியைப் பார்த்தவர் யாருமில்லை.
புளிப்பு இருக்கிறது.
எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னால்,
துவைக்கிற கல்லுக்கும் செப்டிக் டேங்க் மூடிக்கும் நடுவே
ஓர் அரைநெல்லி மரம்.

கிளைக்குக் கிளை, அடிமரத்தில்கூட
வெளிர்மஞ்சளாய் அப்பிக்கொண்டு காய்.
கேட்காத கடனைத் திருப்பித் தருகிறவன் போல
வருஷத்துக்கு இருமுறை.
யாருக்கும் வேண்டாம்.
மாடிவீட்டுப் பையன் பந்துக்குப் பதில் மட்டையால் அடிக்கிறான்.
ஒரு பை நிறையப் பள்ளிக்கு எடுத்துப் போனேன்;
ஸ்டாஃப் ரூமில் ஆளுக்கு இரண்டு எடுத்தார்கள்,
மரியாதைக்கு.

வீட்டுக்காரர் புஷ்பநாதனுக்கு அது மரமில்லை, குப்பை.
"ஸ்கூட்டி சீட்டெல்லாம் பிசுபிசுங்குது,
சாக்கடை அடைக்குது, எறும்பு வேற.
சித்திரைக்குள்ள வெட்டிடறேம்மா."
புயலில் இடுப்போடு முறிந்து
அடுத்த மழைக்கே துளிர்த்த மரம்.
அவர் பேச்சை அது காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

வில்வமணிக்கு மூக்கு போய் இரண்டு வருஷம்.
முதுநகர் தாண்டி வேலை, இரண்டாம் ஷிஃப்ட்.
சளி என்றார். பிறகு தூசி என்றார்.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
நெத்திலி வறுத்தாலும் பால் தீய்ந்தாலும்
ஒரே முகம்.
சாம்பாருக்குப் பெருங்காயம் மறந்த அன்றும்
"நல்லாருக்கு."
தட்டோடு சேர்த்து அந்த வார்த்தையையும்
கழுவிக் கவிழ்த்தேன்.

மாசியில் ஒரு ராத்திரி, கரண்ட் இல்லை.
குளியலறைத் தகரத்தில் ஒவ்வொன்றாய் விழுகிற சத்தம்.
பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தவர் மடியிலும்
விழுந்தது ஒன்று.
சும்மா வாயில் போட்டார்.
செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன்:
இடது கண் இறுக மூடியது.
தோள் ஒருதரம் உதறியது.
தாடைக்கு அடியில் ஏதோ ஓடிற்று,
வறண்ட கெடிலத்தில்
சொல்லாமல் தண்ணீர் திறந்துவிட்டாற்போல.
கொட்டையைத் துப்பிவிட்டு
"இன்னொண்ணு" என்றார்.

உப்பு எடுக்க உள்ளே போனேன்.
இருட்டில் டப்பா கைக்கு அகப்படவில்லை.
அகப்பட்ட பிறகும்
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

மறுநாள் புஷ்பநாதனிடம் சொன்னேன்:
வாடகையில் இருநூறு கூட்டிக்கொள்ளுங்கள்,
கேட்டிலிருந்து பின்பக்கம் வரை தினமும் நானே பெருக்குகிறேன்,
மரம் இருக்கட்டும்.
எதுக்கும்மா என்றார்.
ஊறுகாய்க்கு என்றேன்.

எங்கள் வீட்டில் ஊறுகாய் யாரும் தொடுவதில்லை.