வியங்கோள்

நூர்தீன் தோகாவுக்குப் போய் இரண்டு வருஷம்.
அவன் கையால் கட்டிய சர்வர் மட்டும்
மும்பையில் எங்கோ ஓடிக்கொண்டிருந்தது.
எப்படிக் கட்டினான் என்று எழுதிவைத்த தாள் இல்லை.
"அதத் தொட்றாதம்மா" என்பார் பத்மநாபன்.
ரீஸ்டார்ட் என்று யாராவது சொன்னாலே
கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

மாட்டுத்தாவணிக்கும் கிளாம்பாக்கத்துக்கும் ஓடும்
நாற்பத்திரண்டு ஆம்னி பஸ்களின் இருக்கைகள்
அதன் தலையில்.
பொங்கலுக்கு முந்தின வெள்ளி, இரவு ஒன்பதே கால்,
விழுந்தது.
ஒரே ஜன்னலோரத்துக்கு மூன்று பேர்
பெட்டியோடு நின்றார்கள்.

மறுவாரம் கூடல் நகரில்,
ரயில் போனால் மானிட்டர் நடுங்கும் மாடி அறையில்
வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்தேன்.
நான்கு மேகம் கூடி இந்த ஊருக்குக்
கூரையானதாகச் சொல்வார்கள்.
எனக்கு ஒன்று போதும்,
மாதம் எட்டாயிரத்துக்குள்.

இதைச் செய், பிறகு அதைச் செய் என்றுதான்
எழுதிப் பழக்கம்.
இந்த மொழி அப்படிக் கேட்கவில்லை.
எது இருக்கவேண்டுமோ அதை மட்டும் சொல் என்றது.
சர்வர் மூன்று இருக்க.
வாசல் ஒன்று மட்டும் திறந்திருக்க.
தரவு நாள்தோறும் படியெடுக்கப்படுக.
க, இய, இயர்:
பத்தாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண்ணுக்கு
மனப்பாடம் செய்த வியங்கோள்
சம்பளத்துக்கு வந்து நின்றது.

முதல் நாள் ஓர் அடைப்புக்குறி குறைந்து
நாற்பது நிமிஷம் போயிற்று.
அடுத்த நாள் ஊர்ப்பெயரைத் தப்பாய் அடித்து
என் சர்வர்கள் ஓஹையோவில் முளைத்தன.
அழித்தேன். பில்லில் பதினொரு ரூபாய்.
அப்புறம்தான் திட்டம் ஒழுங்காய் வந்தது:
சேர்ப்பவை பதினான்கு,
மாற்றுபவை இல்லை,
அழிப்பவை இல்லை,
சம்மதமா?
யெஸ் என்று அடித்தேன்.
டீயில் ஆடை படியுமுன்
பதினான்கும் எழுந்து நின்றன.

"இன்னொருவாட்டி ஓட்டுனா
இன்னொரு பதினாலு வந்துருமா?"
வாழ்க என்று பத்துத் தரம் சொன்னால்
பத்து வாழ்வா சார் வரும்?
ஓட்டிக் காட்டினேன்.
செய்வதற்கு ஒன்றுமில்லை என்றது.

ஞாயிறு விடியற்காலை மூன்று மணி,
பழைய சர்வரை அணைத்துவிட்டு
நூர்தீனுக்குச் செய்தி அனுப்பினேன்.
"இன்னுமா ஓடுச்சு?" என்றான்.

இப்போது இரவுதோறும் கோப்பையும் மேகத்தையும்
ஒப்பிட்டுப் பார்க்கிறது இயந்திரம்.
சித்திரையில் ஒரு காலை ஒற்றை வரி:
கோப்பில் இல்லாத வாசல் ஒன்று திறந்திருக்கிறது.
ஆசீரைத்தான் கடிந்துகொண்டேன்,
எல்லார் முன்னாலும்.
பதிவேட்டைப் பிறகுதான் பார்த்தேன்.
வியாழன், இரவு இரண்டு மணி, அவசரத்துக்கு,
என் பெயர்.

மூடுக என்று தனியாய் எழுதவேண்டியதில்லை.
கோப்பில் அது இல்லை, அவ்வளவே போதும்;
அடுத்த ஓட்டத்தில் மூடிக்கொண்டது.
ஆசீரிடம் போனதைத்தான்
கையால் செய்யவேண்டியிருந்தது:
ஒரு பருத்திப்பால்,
அவனுக்குப் பிடித்தபடி சுக்குத் தூக்கலாய்.