எட்டுப் பேர் தள்ளும் போட்டு

எட்டுப் பேர் போதும்னான் தேசிங்கு.
தேவனாம்பட்டினம் மணலில்
பன்னிரண்டு தோள் கொடுத்தோம்.
அரை முழம் நகர்ந்தது.

தட்டிப் பார்த்தோம், தடவிப் பார்த்தோம்.
உடைசல் இல்லை. பெயிண்டு கூடப் புதுசு.

கிரைண்டர் வைத்துத் தளத்தை அறுத்தேன்.
ஃபைபர் தூள் இரவெல்லாம் கழுத்தில் அரித்தது.
உள்ளே,
முழுகாமல் இருக்க அடைத்த ஃபோம்
பழுப்பேறி, பாறையாய்.
கத்தி இறங்கியதும் கசிந்தது
டீசல் நாற்றத்தோடு ஒரு பழைய கடல்.

பூங்காவனம் மீன் தராசில் ஒரு துண்டை வைத்தாள்:
மூணு கிலோ நானூறு.
முதுநகரில் வாங்கிய புதுத்துண்டு, அதே அளவு.
முள் அசையவே இல்லை.

விளக்குக் கம்பிக்குப் போட்ட
ஒற்றை ஸ்க்ரூ துளை வழியாக
சொட்டுச் சொட்டாய்
எத்தனை வருஷம் குடித்ததோ.

மூன்றாம் நாள் தேசிங்கு வந்தார்.
சண்டைக்கென்று கைலியை மடித்துக் கட்டினேன்.
அவர் குவியலைப் பார்த்தார்.
குனிந்து ஒரு துண்டைப் பிழிந்தார்,
முழங்கை வரை வழிய வழிய.

"பசங்க சோம்பேறி,
எனக்கும் வயசாயிடுச்சின்னு இல்ல
வித்தேன்" என்றார்.

கைலியை இறக்கிவிட்டேன்.
இன்னும் பாதித் தளம் அறுக்க வேண்டியிருந்தது.