நாற்பத்து மூன்று

தார்ச்சாலை செருப்பைப் பிடித்திழுக்கும் ஜனவரி.
ரொசாரியோவில் மூன்று நாளாய் மின்சாரம் இல்லை.
நான்காம் நாள் காலை
குளிர்பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு நீர்க்கோடு
தரையோடு ஊர்ந்து
என் கால்விரலைத் தேடி வந்தது.

மேல்தட்டில் பச்சைப் பட்டாணிப் பை.
பையில் பட்டாணிக்கும் அடியில்
என் பதினோரு வருடம்.

அப்பா வங்கியை நம்பியவர்.
ஒரு டிசம்பரில் அதன் இரும்புக் கதவு இறங்கியது.
சூப் சட்டியும் மரக்கரண்டியுமாகத்
தெருவில் நின்று தட்டிக்கொண்டே இருந்தார்.
கதவு நெளியவில்லை. சட்டி நெளிந்தது.
அதில்தான் இன்றைக்கும் பால் காய்ச்சுகிறேன்.
ஒரு பக்கமாகவே பொங்கும்.

ஆகவே நான் யாரையும் நம்பவில்லை.
காலையில் வாங்கும் பெசோ
மதியத்துக்குள் இளைத்துவிடும் ஊரில்
சம்பள நாளன்றே ஓடி, டாலராக்கி,
மடித்து, பையில் போட்டு, உறைய வைத்தேன்.
இரவில் மகள் தூங்கியதும் எடுத்து எண்ணுவேன்.
எண்ணி முடித்துத் திரும்ப வைத்த பின்னும்
படுக்கையில் எண்ணிக்கொண்டே இருப்பேன்.

வலது கடைவாய்ப்பல் பிளந்து நாலு வருடம்.
இடப்பக்கமாகவே மென்று பழகிவிட்டேன்.
"வைத்தியம் பார்க்கப் பணமில்லையா?" என்பாள் மைலென்.
"இல்லை" என்பேன்.
அடுக்களையில் குளிர்பெட்டி உறுமும்.

அன்று பையைத் திறந்தால்
பட்டாணி வாசத்தோடு ஒரே ஈரக் கட்டி.
வெங்காயச் சருகைப் போல் ஒவ்வொன்றாய் உரித்து
முற்றத்துக் கொடியில் மாட்டினேன்.
மறைப்புக்கு இந்தப் பக்கம் காலுறைகள்,
அந்தப் பக்கம் ஒரு படுக்கை விரிப்பு.
தலைகீழாகத் தொங்கினார்
அந்த அயல்நாட்டுக் கனவான்,
நாற்பத்து மூன்று முறை.

மேல்மாடியிலிருந்து கசிமிரோ எட்டிப் பார்த்தான்.
என் கை காற்றிலேயே நின்றுவிட்டது.
உள்ளே போனான்.
திரும்பி வந்து கயிற்றில் கட்டி
ஒரு பை நிறைய கிளிப்புகளை இறக்கினான்.
"ஆற்றுப் பக்கமிருந்து காற்று வருது, எத்தெல்வினா."
அவ்வளவுதான் சொன்னான்.
அவனுடையது எங்கே என்று நான் கேட்கவில்லை.
அவன் வீட்டு ஓவன்
வருடக்கணக்கில் எரிந்ததில்லை என்பது
எனக்குத் தெரியும்.

பிறகு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன்.
அவற்றை நான் வெயிலில் பார்த்ததே இல்லை.
சமையலறை இருட்டில் சில இரவு மலையாக இருக்கும்,
சில இரவு ஒன்றுமே இல்லாததாக இருக்கும்.
இங்கே நாற்பத்து மூன்று காகிதம்.
காற்றடித்தால் ஆடின.
பக்கத்தில் காலுறைகளும் ஆடின.

மைலென் மதியம் வேலையிலிருந்து வந்தாள்.
கொடியைப் பார்த்தாள். என் கன்னத்தைப் பார்த்தாள்.
திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
"இதில் எது உன் பல், அம்மா?" என்றாள்.

மூன்றைக் கழற்றினோம். இன்னும் ஈரம்.
பல் மருத்துவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்,
முகர்ந்தும் பார்த்தார்.
"சின்ன முகம் போட்ட பழைய நோட்டு.
நூற்றுக்குப் பத்து கழித்துத்தான் எடுப்பேன்."
கழித்துக்கொள்ளுங்கள் என்றேன்.
போன அந்தப் பத்துகளை நினைத்து
அன்றிரவு தூங்கவில்லை.
மறுநாள் தூங்கினேன்.

மிச்சம் இப்போது பிஸ்கட் டின்னில் இருக்கிறது.
ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கிறோம்.
மைலென் உரக்க எண்ணுவாள், நான் மாத்தே ஊற்றுவேன்.
பன்னிரண்டு, பதிமூன்று என்று வரும்போது
எழுந்து போய்க் கதவைத் தாழிடுவேன்.
அவள் நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள்.
போன வாரம் முப்பத்தொன்பது.
ஒன்றில் அவளுக்கு ஒரு மிதிவண்டி வந்திருக்கிறது,
பழசு, மணி அடிக்காது.

நேற்று ஒரு பீச் பழத்தை
வலப்பக்கமாகக் கடித்தேன்.
சாறு முழங்கை வரை வழிந்தது.

சட்டியை மாற்றவில்லை.
பால் இன்னும் ஒரு பக்கமாகத்தான் பொங்குகிறது.
எந்தப் பக்கம் என்று தெரியும்.
துணியோடு அந்தப் பக்கம் நின்றுகொள்கிறேன்.