விசில் ஊதாத ஏழு நொடி

கோடுகளைக் கருக்காயால் போட்டோம்.
கொள்முதல் நிலையத்தில் தூற்றி ஒதுக்கியது, ஆறு மூட்டை.
சுண்ணாம்புக்குக் காசில்லை.
வாடைக்காற்று கோல் கோட்டை
அரை அடி தெற்கே தள்ளிப்போட்டது.
இரண்டு பக்கத்துக்கும் அதே காற்றுதான் என்று
ஊதித் தொடங்கினேன்.

நீடாமங்கலத்துக்குத் தெற்கே
உளுந்து தெளிக்காமல் விட்ட ஆறு மா.
ஒரு கரை வெண்ணாறு, ஒரு கரை பாமணி:
அதுவே அணிகளின் பெயரும்.
அறுவடை மெஷின் பதித்த பெல்ட் தடத்தில்
கால் மாட்டினால் முழங்கால் போகும்.
அது விதிப்புத்தகத்தில் இல்லை.

புத்தகத்தில் இருப்பது:
பந்தைக் கையால் முன்னே எறியாதே.
பின்னால் வருகிறவளுக்குக் கொடு.
"அப்பறம் எப்பிடி சார் போய்ச் சேர்றது?" என்றார்
வரப்பில் நின்ற டிராக்டர் டிரைவர்.
ஓடித்தான்.
பிடிபட்டு விழுந்தால் பந்தை உடனே விடு.
உடனே என்பது எத்தனை நேரம் என்று
யாரும் எழுதிவைக்கவில்லை.
தோளுக்கு மேலே கை போனால் மஞ்சள் அட்டை,
பத்து நிமிடம் வரப்பில்.
ஸ்கிரம்முக்கு நான் சொல்வது மூன்றே சொல்:
குனி. பிடி. சேர்.
பதினாறு முதுகும் ஒரே கூரையாகும்.
உள்ளே எந்தக் கரை மூச்சு எதுவென்று
எனக்குத் தெரிந்ததில்லை.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அட்வான்டேஜ்.
ஒருத்தி தவறுகிறாள், பந்து எதிரணி கைக்குப் போய்விட்டது.
ஊதாதே.
நட்டப்பட்ட பக்கம் கையை நீட்டிக்கொண்டு
கூடவே ஓடு, விசில் வாயிலேயே இருக்கட்டும்.
ஆதாயம் கிடைத்தால் சரி.
கிடைக்காவிட்டால்
தவறு நடந்த இடத்துக்கே எல்லோரும் திரும்பவேண்டும்.

எழுபத்தெட்டாம் நிமிடம். பாமணி மூன்று புள்ளி முன்னே.
ஆரோக்கியமேரி விரலில் பட்டுப் பந்து முன்னே தெறித்தது.
நாக்-ஆன்.
வெண்ணாற்றுத் தையல்நாயகி அள்ளினாள்.
கையை நீட்டினேன்.
சபுராவுக்குப் பின்னே தள்ளி, சபுரா விழுந்து,
விழுந்தபடியே விட்டதை மறுபடி வாங்கி
கருக்காய்க் கோட்டைத் தாண்டி அவள் பாய்ந்தபோது
மேலே நாலு பேர்.
ஏழு நொடி.

பந்து மண்ணைத் தொட்டால் ஐந்து புள்ளி.
மண்டியிட்டுப் பார்த்தேன்.
ஒரு முழங்கை, ஒரு பின்னல், பறக்கும் உமி.
பந்தைக் காணோம்.

குவியலுக்குள்ளிருந்து தையல்நாயகி தலை வந்தது.
பல்லில் கருக்காய்.
"படலை சார். அடியில அவ கை இருக்கு."

இருந்தது.
ஆரோக்கியமேரியின் உள்ளங்கை, மல்லாந்து,
நகம் பிய்ந்து.

அப்போதுதான் ஊதினேன்.
முப்பது பேரும் நடந்து திரும்பினோம்,
பந்து தெறித்த தாள்கட்டைக்கு.
வெண்ணாறு மூன்று புள்ளியில் தோற்றது.

திங்கட்கிழமை நான் பட்டியல் எழுத்தர்.
சிப்பம் நாற்பது கிலோ.
எங்கள் மின்தராசு நாற்பத்தொன்று கேட்கும்.
அதற்கும் மேலே சிப்பத்துக்கு இவ்வளவு என்று
ஒரு கை நீளும்; என் கை இல்லை.
நான் கூட ஓடிக்கொண்டு மட்டும் இருக்கிறேன்,
நாலு வருடமாய்,
விசில் வாயிலேயே.

பதினோரு மணிக்கு டோக்கன் இருபத்தாறு.
விரலில் துணிக்கட்டோடு ஆரோக்கியமேரி,
அப்பாவுக்குப் பதிலாக வந்திருந்தாள்.
"சார்" என்று சிரித்தாள்.
பிறகு என்னைப் பார்க்கவில்லை.
சிவப்பு எண்களைப் பார்த்தாள்:
நாற்பத்தொன்று புள்ளி ஒன்று.
அடுத்தது, நாற்பத்தொன்று புள்ளி இரண்டு.

அவளும் எதுவும் சொல்லவில்லை.
எண்ணிக்கொண்டிருந்தேன், நொடிகளை.

"இறக்கு" என்றேன்,
"மொத மூட்டையிலேருந்து மறுபடி போடு."

சுமைக்காரர் வீராச்சாமி
தலைத்துண்டை அவிழ்த்து உதறினார்.
முற்றத்தில் அடுக்கியிருந்த அட்டியைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.

"எந்த மொத மூட்டை சார்?"