நானூறு கிராம்

சனி காலை ஆறு நாற்பது.
டொரிங்டன் உள்ளரங்கின் பின்னறையில்
தராசு சொன்னது: எழுபத்தாறு தசம் நான்கு.
என் பிரிவுக்கு எழுபத்தாறு.
தசமத்துக்குப் பின்னால் நிற்கிற அந்த நான்கை
எழுதுகிற பெண் எழுதாமல்
பேனையைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தாள்.
"இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கு, மிஸ்."
துப்பலாம்.
மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கயிறு அடிக்கலாம்.

எழுபத்தாறு ஜெராட் அண்ணாவின் கணக்கு.
கொட்டாஞ்சேனையில் ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடி,
ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் அவர் பக்கம் பார்த்தபடி.
"உள்ளே நின்றால் உனக்குப் பதக்கம்,
ஏறினால் நீ வெறும் பலசாலி."

ஹெவ்லொக் வீதி மைதானத்தில்
துஷாரி மிஸ்ஸுக்கோ எண்பது வேண்டும்.
"காற்றடித்தால் நகருகிறவளுக்கு
மூன்றாம் இலக்கச் சட்டையைக் கொடுத்து
நான் என்ன செய்ய, நங்கி?"

இருவருக்கும் நடுவில் நான்கு கிலோ.
அதில்தான் குடியிருக்கிறேன்,
வாடகை கட்டி.

பகலில் கொள்ளுப்பிட்டியில் லீசிங் கம்பனி,
பிறருடைய தவணைகளைத் துரத்துகிற வேலை.
ஆகையால் எனக்குத் தெரியும்:
திங்கள் ஸ்குவாட் வாங்கிய கடனை
செவ்வாய் ஓட்டம் கட்ட முடியாமல் நிற்கும்.
வியாழன் டாக்கிளில் விழுந்த தோள்
வெள்ளி பெஞ்சில் வட்டியோடு வந்து கேட்கும்.
நித்திரை ஒன்றுதான் முதல்.
அதையும் மட்டக்குளி பஸ்ஸில்
நின்றபடி செலவழித்தேன்.
வெள்ளவத்தைத் தையல்காரர்
என் கையை இரண்டு தரம் அளந்துவிட்டு
டேப்பைக் குறை சொன்னார்.

இரும்பு நல்லது.
விட்ட இடத்தில் கிடக்கும்.
நூற்றைம்பது என்றால் மழையிலும் நூற்றைம்பது.
ஸ்க்ரம் அப்படியில்லை.
அதற்கு மூச்சு இருக்கிறது, சித்தாலேப மணம் இருக்கிறது,
என் காதோடு உரசுகிற இன்னொரு காது இருக்கிறது.
தூக்கப் போனால் சாயும், தள்ளப் போனால் சுழலும்.
மூன்று மாதம் அதையும் ஒரு பார் என்றே எண்ணி
முதுகை நேராக்கி, மூச்சை வயிற்றில் அடைத்து
நின்றுகொண்டிருந்தேன்.
என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தபடி
பஸ்மினாதான் சொன்னாள்:
"மூச்சு விடு, லூசு.
இங்க ஒருத்தரும் வெள்ளை லைட் போட மாட்டாங்க."

வெளியே படிக்கட்டு, கொஞ்சம் வெயில்.
பையில் மழைக்கோட் இருந்தது.
அதன் அடியில், நேற்றுப் பின்னேரம் வாங்கி மறந்த
மாலு பாண் ஒன்று.
எண்ணெய் ஊறிய கடதாசி, நசுங்கிய முக்கோணம்,
மிளகு தூக்கலான மீன்.
இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.
நாளை மூன்றரைக்கு நேவியோடு மேட்ச்.
தொண்டை நேற்று மத்தியானத்திலிருந்து காய்ந்திருந்தது.

சாப்பிட்டேன்.
கடதாசியில் ஒட்டியதையும்.

"எண்பத்து நான்கில் எழுதுங்க."
ஜெராட் அண்ணா நெற்றியில் அடித்துக்கொண்டார்.
பிறகு பெல்ட்டை அவரே இறுக்கிவிட்டார்,
கோபத்தில் ஒரு ஓட்டை கூடுதலாக.
நாலாம் இடம்.
கடைசி டெட்லிஃப்ட் முழங்காலைத் தாண்டி வந்து
கொஞ்சம் யோசித்து
வந்த வழியே திரும்பியது.
மூன்றும் சிவப்பு.

ஞாயிறு.
கிழிந்த உள்ளங்கைக்குப் பிளாஸ்டர்.
பின்னால் ஐந்து பேர், பக்கத்தில் பஸ்மினா.
எதிரே நேவியின் லூஸ்ஹெட்,
கழுத்து என்று ஒன்று வைக்காமலே படைத்த பெண்.
முதல் ஸ்க்ரம்மில் நிலம் ஒரு சாண்
எங்களுக்குக் கீழிருந்து உருவப்பட்டது.
இரண்டாவதில் நிலம் அசையவில்லை.
மூன்றாவதில்,
இருவர் முகமும் புல்லைப் பார்த்திருக்க,
அவள் மூச்சிரைத்தபடி சிங்களத்தில் கேட்டாள்:
"ஏய், நீ என்னதான் சாப்பிடுறாய்?"

சொன்னேன்.

சிரித்துவிட்டாள்.
சிரிக்கிறவளுக்குத் தோள் ஒரு கணம் இளகும்.
தள்ளினோம்.