எழுத்துக்கு ஒரு பென்னி

எனக்கு வாசிக்கத் தெரியாது.
வடிவம் தெரியும்.
ஓ என்றால் கிணற்றுவாய். டி என்றால் தூக்குமரம்.
எஸ் என்றால் சனியன்:
எங்கள் சதுப்புச் சீமைக்கு வண்டியேறி வரும் கல்லில்
அதை வளைத்து முடிப்பதற்குள்
உளி இரண்டுமுறை கொல்லனிடம் போய்வரும்.

ஜாபெஸ் ஆல்ட்ரிட்டுக்கு அது தெரியும்.
ஸ்கெல்பி சர்ச்சின் குமாஸ்தா, வருடத்துக்கு நாலு பவுன்.
பாதிரியார் முடிக்குமிடத்தில் ஆமென் சொல்ல,
பிறப்பையும் சாவையும் பேரேட்டில் ஏற்ற,
சங்கீதத்துக்குச் சுருதிக்குழல் ஊத,
பிரசங்கத்துக்கு நடுவே நுழையும் நாயை விரட்ட.
மிச்ச நேரம் செருப்புத் தைப்பார்.
மிச்சத்தில் மிச்சம், பாட்டு.

செத்தவர்களுக்கு நாலு வரி.
அவர் காசு வாங்கமாட்டார். நான் வாங்குவேன்,
எழுத்துக்கு ஒரு பென்னி.
ஆகவே எங்கள் ஊரில் துக்கம்
சுருக்குப்பையைப் பார்த்துத்தான் நீளும்.

"'மிகவும் அன்பான' என்றா இருக்கணும்?
'அன்பான' போதாதா?"
தீஸ்டில்வுட் அம்மாள் கேட்டாள்.
பட்டறை வாசலில் நின்றபடியே வெட்டினார்,
தோல் கிழிக்கிறவர் மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு.
மூன்று எழுத்து மிச்சம், அதில் எஸ் ஒன்று.
படித்துக் காட்டினார். குட்டையானதுதான் நன்றாக இருந்தது.
"உன் பேராசை என்னைக் கவிஞனாக்கிவிடும், சைலஸ்."
"பேராசை இல்லை. உளி."

அவருடைய கெசியா போன மார்ச்சில்
பேரும் இரண்டு வருடமும் எழுதிய தாளோடு வந்தார்.
பாட்டு? என்றேன்.
காசு வேண்டாம், எஸ் எத்தனை வந்தாலும் வரட்டும் என்றேன்.
தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார்.
கீழே கல் முழுக்கக் காலியாகக் கிடக்குமே?
கிடக்கட்டும்.

அவர் செத்தது அறுவடைக் காலம்.
குழிமேட்டில் ஆமென் சொல்ல ஆளில்லை,
பாதிரியார் தாமே சொல்லிக்கொண்டார்.
பெட்டி நிறைய இருந்த தாள்களை
சமையல்காரி ரொட்டித் தட்டுக்கடியில் விரித்தே தீர்த்தாள்.
கோட்டுப் பையில் ஒன்று தப்பியிருந்தது.
ஒன்றன்கீழ் ஒன்றாக நாலு வரி,
வலது ஓரம் கோணலாக.
பாட்டுக்கு அதுதானே அடையாளம்.
கெசியாவின் கல்லில் அவர் பேரையும் சேர்த்து,
காலியாக விட்ட இடத்தில்
பதினோரு நாள் கொத்தினேன். எஸ் ஏழு.
ஒரு பென்னி வாங்கவில்லை, யாரிடம் வாங்குவது.

ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் வந்தார்.
கைத்தடியை ஊன்றிச் சத்தமாகப் படித்தார்:

மெழுகுவர்த்தி ஆறு.
மணிக்கயிறு ஒன்று, பழையதை எலி தின்றது.
பாட்டுப் புத்தகத்துக்கு அட்டை.
வடக்குக் கதவுக்கு எண்ணெய், இந்த வாரமாவது.

சிரித்தார்.
அப்புறம் சிரிப்பு நின்று, அழித்துவிடு என்றார்.
அழிக்கவும் எழுத்துக்கு ஒரு பென்னிதான் என்றேன்.
எஸ்ஸுக்கு இரண்டு.

குனிந்து எண்ணத் தொடங்கினார்.
மூன்றாம் வரியில் விட்டுவிட்டு,
மழை வரும்போலிருக்கிறது என்று போனார்.
வடக்குக் கதவு வழியாக.
இங்கே வரை கேட்டது.